வேர்ச் சிகிச்சை செய்த பல்லுக்கு ஃபைபர் போஸ்ட்: திருகோணமலையில் என் 14 மாத அனுபவம்

கடந்த ஆண்டு பங்குனியில் புழுக்கொடியல் கடித்தபோது, மேல் இடப்பக்கத்து முன்கடைவாய்ப் பல் ஒன்றின் பாதி உடைந்து வாய்க்குள் கழன்றது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் வேர்ச் சிகிச்சை செய்து, கிரவுன் (பல்லை மூடும் உறை) போடாமல் வெறும் அடைப்போடு விடப்பட்டிருந்த பல் அது. நரம்பு ஏற்கனவே அகற்றப்பட்டிருந்ததால் நோவு இல்லை. ஆகவே இரண்டு கிழமை கவனியாமல் இருந்துவிட்டேன். அது பெரும் பிழை. வேர்க்குழாய்க்குள் எச்சில் கசிந்தால் பழைய சிகிச்சை முழுவதும் பழுதாகிவிடும். அடைப்பின் அடிப்பகுதி கழலாமல் குழாயை மூடியிருந்ததால் மட்டுமே என் பல் தப்பியது.

ஓர்ஸ் ஹில் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் பல் சிகிச்சை நிலையத்துக்குச் சென்றேன். அங்கிருந்த டொக்டர், வேர்க்குழாய்க்குள் ஒட்டப்படும் சிறு கம்பியான போஸ்ட் பற்றி உடனே பேசவில்லை. முதலில் எக்ஸ்ரே எடுத்து, வேரின் நுனிவரை பழைய அடைப்பு நெருக்கமாக இருக்கிறதா, நுனியைச் சுற்றிக் கருநிழல் தெரிகிறதா என்று பார்த்தார். பின்னர் முரசுக்கு மேலே எவ்வளவு பல் எஞ்சியிருக்கிறது என்று சுற்றிவர அளந்தார். கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர் உயரத்துக்குப் பல்லின் சுவர் முழுச் சுற்றாக நின்றது. உலக்கையின் நுனி பிளக்காமல் பூண் இறுகப் பிடித்திருப்பதைப்போல, கிரவுனின் விளிம்பு இந்தச் சுவரைச் சுற்றிப் பிடித்தால்தான் பல் நிலைக்கும் என்றும், அச்சுவர் இல்லாத பல்லுக்கு எத்தனை விலை உயர்ந்த போஸ்ட் வைத்தாலும் பயன் குறைவு என்றும் அவர் விளக்கினார். போஸ்ட் பல்லைப் பலப்படுத்தும் என்று நம் ஊரில் பலரும் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் அதன் வேலை ஒன்றுதான்: உடைந்த பகுதிக்குப் பதிலாக மேலே கட்டியெழுப்பப்படும் ‘கோர்’ என்ற உட்பகுதியை வேரோடு சேர்த்துப் பிடித்து வைப்பது.

என் அக்காவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர் வேறோர் இடத்தில் எஃகினாலான திருகுப் போஸ்ட் வைத்தார்கள். நான்காம் ஆண்டில் வேர் நெடுக்காகப் பிளந்து, பல்லையே பிடுங்க வேண்டியதாயிற்று. அதனால்தான் உலோகத்துக்கும் இழைக்கும் உள்ள வேறுபாட்டைத் துருவிக் கேட்டேன். எஃகின் விறைப்பு, வேரின் டென்டினை (பல்லின் கடினமான உட்திசுவை) விடப் பத்து மடங்குக்கும் அதிகம். கடிக்கும் விசை வளையாத கம்பியின் வழியே வேரின் சில இடங்களில் குவிகிறது. கண்ணாடி இழைகளை ரெசினுக்குள் நீளவாக்கில் பதித்துச் செய்யப்படும் ஃபைபர் போஸ்ட்டின் விறைப்போ டென்டினுக்கு மிக நெருங்கியது. பல்லோடு சேர்ந்து சிறிது வளைந்து கொடுக்கும். அது தோல்வியடைந்தாலும் பெரும்பாலும் ஒட்டு விட்டுக் கழன்றுவிடுமே தவிர வேரைப் பிளப்பது அரிது. கழன்றதை மீண்டும் ஒட்டலாம். முதலில் வந்த இழைப் போஸ்ட்டுகள் காபன் இழையால் ஆனவை, கறுப்பு நிறமானவை. இன்றைய கண்ணாடி இழைப் போஸ்ட் வெண்மையாகவும் ஒளி ஊடுருவக்கூடியதாகவும் இருப்பதால், மேலே போடும் கிரவுனின் ஊடாகக் கருமை தெரிவதில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது போஸ்ட் வைத்த நாளின் பொறுமைதான். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பைக் கட்டி, எச்சிலும் மூச்சின் ஈரமும் அண்டாதபடி செய்த பிறகே வேலை தொடங்கியது. வேரின் நுனியில் 5 மில்லிமீற்றர் கட்டாபேர்ச்சாவை (குழாயை அடைத்திருக்கும் ரப்பர் போன்ற பொருளை) தொடாமல் விட்டு, மேற்பகுதியை மட்டும் மெல்ல அகற்றினார். அந்த நுனி அடைப்புத்தான் கிருமிகளுக்குத் தடை. குழாயை வேண்டியதைவிட அகலமாக்கவில்லை, ஏனெனில் ஒவ்வொரு சுரண்டலிலும் குறைவது பல்லின் சொந்த வலிமை. போஸ்ட்டைப் பொருத்திப் பார்த்து மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தார். பின்பு குழாயைக் கழுவி, காகித முனைகளால் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒளியாலும் தானாகவும் இறுகும் ரெசின் சீமெந்தால் ஒட்டினார். ஆழத்துக்கு ஒளி போதிய அளவு எட்டாது என்பதால் இந்த இரட்டை இறுகல் அவசியமாம். மிஞ்சிய நீளத்தைக் குறட்டால் நறுக்காமல் வைரத் துரப்பணத்தால் அறுத்தார்; நறுக்கினால் இழைகள் நசுங்கிவிடும். இந்த அமர்வு ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் நீடித்தது. அவசரமாக ஒட்டி அனுப்பப்பட்ட ஃபைபர் போஸ்ட்டுகள் கழன்றுவிட்டதாகக் கேள்விப்படும்போது, குறையைப் பொருளில் தேடுவதற்கு முன்னர் ஈரம் தடுக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. போஸ்ட், கோர், கிரவுன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதித் தந்திருக்கலாம். கடைசி நாளில்தான் முழுத் தொகை தெரிந்தது, அது உலோகப் போஸ்ட்டுக்கு ஆகும் செலவைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடியது. கிரவுன் ஆய்வுகூடத்திலிருந்து வரச் சொன்ன நாளைக் கடந்து ஒரு கிழமை தாமதமானது. மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வருபவருக்கு இத்தகைய தாமதம் இன்னொரு நாள் கூலியை இழக்கச் செய்யும் என்பதை நிலையத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது 14 மாதங்கள் ஆகின்றன. அந்தப் பக்கத்தால் தயக்கமின்றிச் சாப்பிடுகிறேன். கடந்த மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் வேரின் நுனியில் மாற்றம் எதுவும் இல்லை. அதே நாளில், வேர்ச் சிகிச்சை முடிந்த கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கும் போஸ்ட் வைக்கும்படி நானே கேட்டேன். "அந்தப் பல்லின் உள்ளறையே கோரைப் பிடித்து வைத்திருக்கும், போஸ்ட் தேவையில்லை" என்று டொக்டர் மறுத்து, கோரும் கிரவுனும் மட்டும் போதும் என்றார். அடுத்த கிழமை அதற்காகவே போகிறேன்.