ஒரு 'ஜியே'வுக்கு மூன்று வினைகள்: பாரோ, லெண்ட், கீப்

ஆங்கிலம் படிக்கும் சீன மாணவர் பேனா கேட்கும்போது "கேன் யூ பாரோ மீ யுவர் பென்?" என்று சொல்வதுண்டு. பாரோ என்றால் இரவல் வாங்குவது, லெண்ட் என்றால் இரவல் கொடுப்பது; இங்கே லெண்ட்தான் வந்திருக்க வேண்டும். இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவது நியாயமில்லை. சீனத்தில் 'ஜியே' என்ற ஒரே வினை இரு பக்கமும் போகும். 'வோ ஜியே லெ தா யீ பென் ஷூ' என்றால் 'அவனிடம் ஒரு புத்தகம் இரவல் வாங்கினேன்' என்றும் கொள்ளலாம், 'அவனுக்கு ஒரு புத்தகம் இரவல் கொடுத்தேன்' என்றும் கொள்ளலாம். தமிழில் வாங்கு, கொடு என்று வினையே திசையைக் காட்டிவிடுவதால் இந்தத் தடுமாற்றம் நமக்கு வருவதில்லை.

பாரோ, லெண்ட் இரண்டில் முதலில் பார்க்க வேண்டியது பொருளை அல்ல, வாக்கியத்தில் அவை அமரும் விதத்தை. லெண்டுக்கு அடுத்தே ஆள் வரலாம்: 'லெண்ட் மீ எ பென்'. பாரோ அப்படி ஆளை ஏற்காது. பொருளைச் சொல்லிவிட்டு, 'ஃப்ரம்' போட்டுத்தான் ஆளைச் சொல்ல வேண்டும்: 'பாரோ எ பென் ஃப்ரம் ஹிம்'. வினையை அதன் வாக்கிய அச்சோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பதை ஆங்கில ஆசிரியர் ஏ. எஸ். ஹார்ன்பி குழுவினரின் ஆங்கில அகராதி 1942இலேயே டோக்கியோவில் செய்து காட்டியது.

உண்மையில் இந்த வேறுபாடு சீனத்துக்குப் புதிதல்ல. 'ஜியே கெய்' என்றால் கொடுப்பது மட்டும்தான். ஆளுக்கு முன் 'ஷியாங்' சேர்த்து 'ஷியாங் தா ஜியே' என்றால் அவனிடம் வாங்குவது மட்டும்தான். ஆகவே சொல்லட்டையில் பாரோ = ஜியே, லெண்ட் = ஜியே என்று எழுதுவதுதான் கோளாறின் வேர். 'லெண்ட் டு'வுக்கு எதிரே 'ஜியே கெய்', 'பாரோ ஃப்ரம்'முக்கு எதிரே 'ஷியாங்… ஜியே' என்று தொடருக்குத் தொடர் எழுதினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

சொற்பிறப்பைச் சொல்லி நினைவில் நிறுத்தலாமா? இந்த இணைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லெண்ட் பரவாயில்லை, பழைய ஆங்கிலத்தின் 'லேனன்' என்ற வினையிலிருந்து வந்தது, 'லோன்' அதன் உறவு. கடைசி 'ட்' ஒலி இறந்தகால வடிவத்திலிருந்து பிறகு ஒட்டிக்கொண்டது. ஆனால் பாரோவின் மூலமான 'போர்கியன்' பிணை நிற்பதையும் கடன் கொடுப்பதையும்கூடக் குறித்தது. அதன் ஜெர்மன் உறவான 'போர்கன்' இன்றும் வாங்குவது, கொடுப்பது இரண்டுக்கும் பயன்படுகிறது. ஆர்வமுள்ள வாசகருக்கு இது விருந்து. தொடக்க நிலை மாணவருக்கோ, மறக்க வேண்டிய குழப்பத்தையே திரும்பக் கொண்டுவரும்.

மூன்றாவது வினையான கீப்பைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. 'இந்தப் புத்தகத்தை எத்தனை நாள் ஜியே பண்ணலாம்?' என்பது சீனத்தில் இயல்பான கேள்வி. ஆங்கிலத்தில் பாரோ என்பது கைமாறும் கணத்தை மட்டும் குறிப்பதாகச் சீனப் பள்ளி இலக்கணம் சொல்லித்தருகிறது. கால அளவு கேட்டால் 'ஹவ் லாங் கேன் ஐ கீப் இட்?' என்றுதான் வரவேண்டும். பள்ளித் தேர்வுகளில் விடாமல் கேட்கப்படும் கேள்வி இது. பேச்சில் 'பாரோ இட் ஃபார் எ வீக்' என்பது தாராளமாகப் புழங்குவதால் விதியைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் 'ஹவ் லாங்' கேள்வியில் கீப்பே பொருந்தும்.

'ஜியே' இன்னும் விரிந்த சொல். பழைய சீனத்தின் மூன்று அரசுகள் காலத் தலைவர் லியூ பெய், ஜிங்ஜோ என்ற நிலப்பகுதியை 'ஜியே' பண்ணிய கதை, வாங்கியதைத் திருப்பித் தராதவரைச் சுட்டும் வழக்காகவே சீனத்தில் நிலைத்துவிட்டது. கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி கேட்கவும் இதே சொல் வரும். அங்கே பாரோ என்றால், எடுத்துப்போய்த் திருப்பித் தருவதுபோல் ஒலிக்கும். 'மே ஐ யூஸ்' போதும்.

வாடகைக்கு வரும் 'ஜூ' அதிகம் படுத்துவதில்லை. அதுவும் இரு திசைச் சொல், ஆங்கில 'ரென்ட்'டும் அப்படியே. வீட்டுக்காரர் பக்கத்தைத் தெளிவாக்க 'ரென்ட் அவுட்' என்றால் சரி.