பட்டைத் துணி ஒரே அளவா தைக்க டேப்பா, கால் இன்ச் ஃபுட்டா, வாக்கிங் ஃபுட்டா?

குவில்ட் (துண்டுத் துணிகள சேர்த்து, நடுவுல பஞ்சு வச்சு தைக்கிற போர்வை) தைக்க வர்றவங்க நிறைய பேருக்கு இருக்கிற சந்தேகம் இது. பட்டை பட்டையா வெட்டின துணிய ஒண்ணோட ஒண்ணு சேர்த்து தைச்சா ஒரு முனை அகலமாவும் இன்னொரு முனை குறுகலாவும் வருதே, இதுக்கு தனியா ஃபுட் (துணிய அழுத்திப் பிடிக்கிற மெஷின் பாதம்) வாங்கணுமா, துணி ஓரத்துக்கு தடுப்பா வைக்கிற காந்தம் போதுமா, இல்ல வாக்கிங் ஃபுட்டே வாங்கிடலாமா? நான் சொல்றது, பட்டைக்கு மட்டும்னா மெஷின் மேல ஒட்டுற டேப் தடுப்புதான் பெஸ்ட், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

முதல்ல கணக்கைப் பாருங்க. 2.5 இன்ச் பட்டை 8 எடுத்து ஓரத்திலிருந்து கால் இன்ச் தள்ளி தைச்சு சேர்த்தா மொத்தம் 16.5 இன்ச் வரணும். தையல் வெறும் 1 மில்லிமீட்டர் உள்ள போனாக்கூட ரெண்டு துணியிலயும் குறையுறதால ஒரு தையலுக்கு 2 மில்லிமீட்டர் போயிடும், 7 தையலுக்கு 14, அதாவது அரை இன்ச்சுக்கு மேல காலி. சட்டை தைக்கும்போது இது யாருக்கும் தெரியப்போறதில்ல, ஆனா குவில்ட்ல அடுத்த பிளாக்கோட (இப்படி சேர்த்து தைச்ச துண்டோட) சேர்க்கும்போது மூலை எதுவும் ஒட்டவே ஒட்டாது.

கால் இன்ச் ஃபுட்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ஊசியிலிருந்து ஃபுட்டோட வலது ஓரம் வரைக்கும் கால் இன்ச் இருக்கிற சாதா ஃபுட், இன்னொண்ணு வலது பக்கம் ஒரு சின்ன தகடு தொங்குற ஃபுட். தகடு வச்சது பார்க்க ரொம்ப வசதியா தெரியும், துணிய அதுல இடிச்சிட்டே போனா போதும்னு தோணும். ஆனா அது துணிய ஊசிக்கிட்ட வரும்போதுதான் பிடிக்குது, அதுக்கு முன்னாடி 40 இன்ச் நீளப் பட்டை கையில எப்படி ஆடுதுன்னு அதுக்கு தெரியாது, கொஞ்சம் அழுத்தி தள்ளினா துணி ஓரம் தகடுக்கு அடியில நுழைஞ்சிடும். அதோட ஊசி நடுவுல இருக்கணும், நேர் தையல் மட்டும்தான் போடணும், மறந்து ஜிக்ஜாக் வச்சா ஊசி ஃபுட்ல அடிச்சு உடையும். சின்ன சின்ன சதுரம் சேர்க்க இந்த ஃபுட் அருமையானது, அதுல நான் குறை சொல்லமாட்டேன். நீளப் பட்டைக்குத்தான் பத்தாது.

டேப் தடுப்பு இதுக்கு நேர் எதிர், துணிய ஊசிக்கு 3 இன்ச் முன்னாடியே நேராக்கிடும். மாஸ்கிங் டேப்ப ஒண்ணு மேல ஒண்ணா ஏழெட்டு அடுக்கு ஒட்டி ஒரு குட்டி சுவர் மாதிரி ஆக்கிக்கணும், அவ்வளவுதான். எங்க ஒட்டுறதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. கோடு போட்ட பிளாஸ்டிக் ஸ்கேல ஃபுட்டுக்கு அடியில வச்சு, மெஷின் சக்கரத்த கையால மெதுவா சுத்தி, ஊசி முனை கால் இன்ச் கோட்டுக்கு ஒரு இழை வலது பக்கமா தொடுற மாதிரி இறக்குங்க, அப்புறம் ஸ்கேலோட வலது ஓரத்த ஒட்டி டேப்ப வைங்க. ஏன் ஒரு இழை கம்மின்னா, தையல ஒரு பக்கமா மடக்கி அயர்ன் பண்ணும்போது அந்த மடிப்பே கொஞ்சம் துணிய சாப்பிடும். டேப் பல்லு (ஃபுட்டுக்கு அடியில துணிய நகர்த்துற பல்) மேல ஏறக்கூடாது, ஃபுட்டுக்கு முன்னாடி மட்டும் இருந்தா போதும். பாபின் மேலிருந்து போடுற மெஷின்னா அந்த மூடியோட விளிம்புல டேப்ப வெட்டி விட்டுடுங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் பிச்சு ஒட்டணும். செலோ டேப் வேணாம், பிசின் பிடிச்சு பாடு படுத்தும்.

காந்த கைடும் இதே வேலைதான் செய்யுது, ஆனா இரும்புலதான் நிக்கும், அலுமினியம் பிளாஸ்டிக் மெஷின்ல ஊசித் தகடு மேல மட்டும்தான் பிடிக்கும், இழுக்க இழுக்க நகரவும் செய்யும். கம்ப்யூட்டர் மெஷின்னா காந்தம் வைக்கலாமான்னு கூட வந்த புக்ல பார்த்துட்டு வைங்க. நம்ம வீடுகள்ல இருக்கிற பழைய கருப்பு கால் மெஷின்ல ஊசிக்கு வலது பக்கம் பெட் மேல திருகு ஓட்டை இருந்தா அது கைடு மாட்டுறதுக்கு விட்டது, அந்த இரும்பு கைடு கிடைச்சா டேப்பே தேவையில்ல, திருகிட்டா அசையாது.

வாக்கிங் ஃபுட் பத்திதான் பெரிய தப்பெண்ணம் இருக்கு. அது கால் இன்ச் காட்டாது, மேல் துணியையும் கீழ் துணியையும் சமமா நகர்த்தும், அவ்வளவுதான். சாதா மெஷின்ல பல்லு கீழ் துணிய இழுக்குது, ஃபுட் மேல் துணிய தடுக்குது, அதனால கடைசியில மேல் பட்டை கொஞ்சம் நீட்டிட்டு நிக்கும். எல்லாப் பட்டையையும் ஒரே பக்கத்திலிருந்து தைச்சிட்டே போனா இது சேர்ந்து சேர்ந்து மொத்தமும் வில்லு மாதிரி வளைஞ்சிடும். இதுக்கு காசு செலவில்லாத வழி இருக்கு: பட்டைகள முதல்ல ஜோடி ஜோடியா தைங்க, அப்புறம் ஜோடிகள சேர்க்கும்போது எதிர் முனையிலிருந்து ஆரம்பிங்க. ஃபுட் அழுத்தத்த கொஞ்சம் குறைச்சா இன்னும் நல்லது. பஞ்சு வச்சு மூணு அடுக்கா குவில்ட் பண்ணும்போது வாக்கிங் ஃபுட் வாங்குங்க, அங்க அதுக்கு ஈடே இல்ல. வழுக்குற துணின்னா பட்டைக்கும் போடலாம், பருத்திக்கு வேண்டியதில்ல.

பென்சில் கோடு போட்டு குண்டூசி குத்தி தைக்கிற முறை கைத்தையலுக்கு சரி. மெஷின்ல 40 இன்ச்சுக்கு கோடு போட்டுட்டு இருந்தா என்னைக்கு முடியும்? நடுவுலயும் ரெண்டு முனையிலயும் குண்டூசி குத்தினா போதும்.

எதை வாங்கினாலும் துணிய தொடுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிடுங்க. 1.5 இன்ச் பட்டை மூணு வெட்டி சேர்த்து தைச்சு, அயர்ன் பண்ணி, நடுப் பட்டைய அளங்க. சரியா 1 இன்ச் இருக்கணும். கம்மியா இருந்தா டேப்ப ஊசிப் பக்கம் ஒரு இழை தள்ளுங்க, அதிகமா இருந்தா வெளிய தள்ளுங்க. அயர்ன் பண்ணும்போது பெட்டிய இழுக்காதீங்க, தூக்கித் தூக்கி வைங்க, நீராவியோட இழுத்தா நேரா தைச்ச பட்டையும் வளைஞ்சிடும். சோதனை பட்டை ஒரு முனையில 1 இன்ச்சாவும் மறுமுனையில வேறயாவும் வந்தா டேப்ப நகர்த்தி பிரயோஜனமில்ல, வெட்டினதுலயோ தைச்சதுலயோதான் கோளாறு, பட்டை முழுக்க ஒரே அகலமா வெட்டியிருக்கா, தையல் நேரா போயிருக்கான்னு பாருங்க.