டோர்னமென்ட்டிலிருந்து கேஷ் மேசைக்கு: நீண்ட நாள் ஆட்டத்தில் நிலைத்த மாற்றங்கள்

போக்கர் டோர்னமென்ட்டில் நன்றாக ஆடுகிறவர் கேஷ் மேசைக்கு (சிப்புக்கு நேரடிப் பண மதிப்புள்ள ஆட்டத்துக்கு) வந்ததும் பணத்தை விடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு எண்களே காரணம். ஒன்று, ஆட்டம் தொடங்கும் முன்பே நடுவில் கிடக்கும் பணம். மற்றது, எதிரெதிரே இருக்கும் ஸ்டாக்கின், அதாவது அவரவர் முன்னுள்ள சிப்புகளின், ஆழம். இரண்டும் மாறிவிட்டன, பழைய பழக்கம் மட்டும் மாறவில்லை. கீழே உள்ள கணக்குகள் நோ லிமிட் ஹோல்டெமுக்கு (பெட்டுக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை); கேஷ் கணக்குகள் 100 பிக் பிளைண்ட் ஸ்டாக்குக்கு. பிளைண்ட் என்பது சீட்டு வரும் முன்பே இருவர் போட வேண்டிய கட்டாயத் தொகை; அதில் பெரியது பிக் பிளைண்ட், அதுவே இங்கே அளவுகோல். இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டதால், கேசினோவில் நேரில் ஆடும் மேசையை மனத்தில் வைத்தே எழுதுகிறோம்.

இன்றைய டோர்னமென்ட்களில் பெரும்பாலும் பிக் பிளைண்ட் ஆன்ட்டி (பிக் பிளைண்டில் இருப்பவர் கூடுதலாகப் போடும் இன்னொரு பிக் பிளைண்ட்) உண்டு. இரண்டு பிளைண்டும் ஆன்ட்டியும் சேர்ந்து நடுவில் 2.5 பிக் பிளைண்ட் இருக்கும். 2.2-க்கு ரெய்ஸ் செய்தால் (தொகையைக் கூட்டினால்) நூற்றுக்கு 47 முறை எல்லோரும் ஃபோல்ட் செய்தாலே (சீட்டைக் கைவிட்டாலே) போட்டது தேறிவிடும். கேஷில் ஆன்ட்டி கிடையாது; நடுவில் இருப்பது 1.5 மட்டுமே. அங்கே 2.5 போட்டுத் திருட நினைத்தால் 62.5 சதவீதம் ஃபோல்ட் வேண்டும். பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடத்தில்) எதை வேண்டுமானாலும் திறக்கும் (முதல் ரெய்ஸ் செய்யும்) பழக்கம் இங்கே செலவு வைப்பது இதனால்தான்.

பிக் பிளைண்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே கதைதான். டோர்னமென்ட்டில் 2.2 ரெய்ஸுக்கு இன்னும் 1.2 போட்டால் போதும். தேவைப்படும் வெற்றி வாய்ப்பு சுமார் 20 சதவீதம். கேஷில் 3-க்கு ரெய்ஸ் வந்தால் அது 31 சதவீதம் ஆகிவிடுகிறது. டென்-செவன் ஆஃப்சூட் (வெவ்வேறு சூட்) போன்ற கைகளை அங்கே கால் செய்தது (அதே தொகையைப் போட்டுத் தொடர்ந்தது) சரி, இங்கே ஃபோல்ட்தான். அதிலும் கேசினோ எடுக்கும் ரேக் இன்னும் கணக்கில் வரவில்லை. பாட்டில் (நடுவில் சேர்ந்த பணத்தில்) 10 சதவீதம், ஓர் உச்சவரம்பு வரை என்பது பரவலான முறை. 1/3 டாலர் மேசையில் (ஸ்மால் பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 3) 30 டாலர் பாட் ஜெயித்தால் 3 டாலர், அதாவது ஒரு முழு பிக் பிளைண்ட் போய்விடும். ஃப்ளாப் (மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) வராவிட்டால் பல இடங்களில் ரேக் எடுப்பதில்லை. ஆகவே ஸ்மால் பிளைண்டிலிருந்து வெறும் கால் செய்வதை ஏறக்குறைய விட்டுவிடலாம்: ஒன்று த்ரீ-பெட் (ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ்), இல்லையென்றால் ஃபோல்ட்.

ஆழம்தான் உண்மையான சிக்கல். 25 பிக் பிளைண்ட் ஸ்டாக்கில் ரெய்ஸும் ஒரு காலும் நடந்தபின் பாட் 5.9, கையில் மீதி 22.8, பாட்டைப் போல நாலு மடங்குக்கும் சற்றுக் குறைவு. டாப் பேர் (பொதுச் சீட்டுகளில் உயர்ந்ததோடு சேரும் ஜோடி), நல்ல கிக்கர் (துணைச் சீட்டு) இருந்தால் முழு ஸ்டாக்கும் போகலாம். 100 பிக் பிளைண்டில் 3-க்குத் திறந்து பிக் பிளைண்ட் கால் செய்தால் பாட் 6.5, மீதி 97. பாட்டைப் போலப் பதினைந்து மடங்கு. மூன்று தெருக்களில் (ஃப்ளாப், டர்ன், ரிவர் என்ற பெட் சுற்றுகளில்) ஒரே விகிதத்தில் பெட் செய்து எல்லாப் பணத்தையும் உள்ளே கொண்டுவர, முன்னதில் பாதிப் பாட்டைவிடச் சற்றே கூடுதல் போதும். பின்னதில் ஒவ்வொரு தெருவிலும் பாட்டைவிடப் பெரிய பெட் வேண்டும். அவ்வளவையும் ஒருவர் கால் செய்துகொண்டே வருகிறார், அல்லது டர்னில் ரெய்ஸ் செய்கிறார் என்றால், அவரிடம் ஒற்றைப் பேர் இருப்பது அரிது. சிறு தொகை மேசைகளில் அமைதியாக ஆடுகிறவர் ரிவரில் ரெய்ஸ் செய்தால் டாப் பேரைக் கீழே வைத்துவிட வேண்டும். கற்றுக்கொள்ள மிக நாளெடுப்பதும், மிக அதிகம் மிச்சம் பிடித்துத் தருவதும் இந்த ஒன்றுதான்.

கைகளின் மதிப்பும் இதனால் இடம் மாறுகிறது. கிங்-ஜாக் ஆஃப்சூட், ஏஸ்-நைன் ஆஃப்சூட் இரண்டும் குறுகிய ஸ்டாக்கில் பலம்; ஆழத்தில் சின்னப் பாட்டை ஜெயித்துப் பெரிய பாட்டைத் தோற்கும். ஒரே சூட்டில் ஏஸ்-ஃபைவ், எயிட்-செவன், சிறிய பேர்கள் மேலே வருகின்றன. கையிலேயே பேர் வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் செட் (அதே மதிப்பின் மூன்றாவது சீட்டு) விழுவது சுமார் எட்டரைக்கு ஒரு முறை. செட் விழுந்தாலும் எதிராளி ஒவ்வொரு முறையும் பணம் தரமாட்டார். அதனால் கால் செய்யும் தொகையைப் போல 15 முதல் 20 மடங்காவது, இருவரில் குறைந்த ஸ்டாக் உள்ளவரிடம் மீதி இருக்க வேண்டும்.

குறுகிய ஸ்டாக்கின் ஆல்-இன் த்ரீ-பெட்டையும் மறந்துவிட வேண்டும். பொசிஷன் (எதிராளிக்குப் பின் ஆடும் வசதி) இருந்தால் அவர் ரெய்ஸைப் போல மூன்று மடங்கு, இல்லாவிட்டால் நாலு மடங்கு.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. பரிசுப் பட்டியல் நெருங்கும்போது ஃபோல்ட் செய்து பழகியவர் இங்கேயும் அளவுக்கு மீறி ஃபோல்ட் செய்வார். பாட் 60, எதிராளி 40 பெட் செய்கிறார் என்றால் தேவை 28.6 சதவீதம், அதற்கு மேல் இருந்தால் கால் லாபம். டோர்னமென்ட்டில் வெளியேறும் அபாயத்துக்கு ஒரு விலை உண்டு. இங்கே சிப்பின் மேல் எழுதியிருப்பதுதான் அதன் மதிப்பு.

திறக்கும் அளவை மாற்றுவது எளிது. நேரடி 1/3 மேசையில் 7 டாலருக்குத் திறந்தால் நாலைந்து பேர் கால் செய்வார்கள். 12 முதல் 15 டாலர், ஒவ்வொரு லிம்ப்புக்கும் (ரெய்ஸ் செய்யாமல் பிக் பிளைண்டை மட்டும் போட்டு வருபவருக்கு) இன்னொரு 3 டாலர் என்று வைப்பது நல்லது. சால்வர் சார்ட் (கணினி நிரல் கணக்கிட்ட ஆட்டப் பட்டியல்) பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பெரும்பாலான சார்ட்கள் 2.5-க்குத் திறக்கும் ஆட்டத்துக்கானவை. 15 டாலர் என்பது 5 பிக் பிளைண்ட். அந்த விலைக்குக் கால் செய்யும் கைகள் இன்னும் சுருங்க வேண்டும். யாராவது 6 டாலர் ஸ்ட்ராடில் (சீட்டு வரும் முன்பே தானாகப் போடும் இரு மடங்கு பிளைண்ட்) போட்டால் 300 டாலர் ஸ்டாக்கின் ஆழம் பாதியாகிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

டோர்னமென்ட்டில் இல்லாத ஒரு வசதி, மேசையைத் தேர்ந்தெடுப்பது. தளர்வாக ஆடுகிறவருக்கு உடனடி இடப்பக்கம் உட்காரக் கேளுங்கள். அவர் செய்தபின் உங்கள் முறை வரும். ஸ்டாக் 80 பிக் பிளைண்டுக்குக் கீழே போனதும் டாப்-அப் செய்துவிடுங்கள் (சிப் வாங்கிச் சேர்த்துவிடுங்கள்). ஜெயித்த சிப்பில் பாதியைப் பைக்குள் போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆட முடியாது. முழுவதுமாக எழுந்து போகலாம்.

முடிவுகளை மதிப்பிடுவதற்கும் பொறுமை வேண்டும். 100 கைக்கு 90 பிக் பிளைண்ட் திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) என்று கொண்டால், 10,000 கைகளுக்குப் பிறகும் உங்கள் லாப விகிதம் இரு பக்கமும் 100 கைக்கு 9 பிக் பிளைண்ட் தள்ளாடுவது சாதாரணம். நேரடி மேசையில் மணிக்குச் சுமார் 30 கை என்பதால் அது 330 மணி நேரத்துக்கு மேல். அதற்குக் குறைந்தது 30 பை-இன் (ஒரு முறை மேசையில் உட்காரத் தேவையான தொகை) கையிருப்பு வேண்டும், வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து முற்றிலும் தனியாக.