ஆறு வருடமாக ஒரு ருஷ்ய அகராதிச் செயலியோடு

நான் வைத்திருக்கும் ருஷ்ய-ஆங்கில அகராதிச் செயலி பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். ஆறு வருடமாக வணிகக் கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க இதைத்தான் நம்பியிருக்கிறேன். எத்தனை சொல், நெட் இல்லாமல் ஓடுமா என்பதெல்லாம் அவருக்கே தெரியும். என் எரிச்சல் ஒன்றுதான்: ருஷ்யர்கள் ஆட்சேபணை சொல்லும் இடத்தில் இது கைவிரித்துவிடும்.

‘ஸமெச்சானியே’ என்று தட்டினால் ‘ரிமார்க்’ என்று வரும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒரு பையனுக்கு ஸமெச்சானியே சொன்னால் அது கண்டிப்பு. வரைபடத்தைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் அதையே எழுதி அனுப்பினால், ‘இதையெல்லாம் திருத்து, அப்புறம்தான் கையெழுத்து’ என்று அர்த்தம். போன மாதம் அவசரத்தில் ‘ரிமார்க்ஸ்’ என்றே போட்டுக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஏதோ அபிப்பிராயம் என்று நினைத்துக் கோப்பில் செருகிவிட்டார்கள். உள்ளே இருந்தவை 17 குறைகள். திட்டு வாங்கியது நான்.

‘ப்ரிதென்ஸியா’ இன்னும் மோசம். முதல் பொருளாக ‘ப்ரிடென்ஷன்’ என்று காட்டுகிறது. பாசாங்காம்! ருஷ்யாவில் வணிக வழக்கில் பணம் கேட்டு நீதிமன்றம் போகுமுன் எதிராளிக்கு ப்ரிதென்ஸியா அனுப்பிப் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். 2016 முதல் அதுதான் சட்டம். நம் வக்கீல் நோட்டீஸ் மாதிரி. அதைப் பாசாங்கு என்று எழுதினால் என்ன ஆகும்?

ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டால் ருஷ்யர் ‘நி வஸ்ரஷாயு’ என்பார். ‘சரி, திறங்களேன்’ என்பதுதான் அது. செயலி தருவதோ ‘ஐ டோன்ட் ஆப்ஜெக்ட்’. கூண்டில் நிற்பவன் பேச்சு.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். மறுத்துப் பேசுவதற்கான வினை ‘வஸ்ரஷாத்’ (மேலே சொன்ன ‘வஸ்ரஷாயு’ இதிலிருந்துதான்) எந்த வேற்றுமை கேட்கும் என்பதைப் பக்கத்திலேயே காட்டும். யாருக்கு மறுத்துப் பேசுகிறோமோ அவருக்கு நான்காம் வேற்றுமை, நம் ‘கு’ போலவே. எதை எதிர்க்கிறோமோ அதற்கு ‘ப்ரோத்திவ்’ சேர்த்து ஆறாம் வேற்றுமை. இயக்குநருக்கு மறுப்புச் சொன்னதை ‘ஆப்ஜெக்டட் டு த டைரக்டர்’ என்று எழுதினால், அந்த ஆளையே வேண்டாம் என்றதாகிவிடும். அந்த வம்பில் மாட்டாமல் இது என்னைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது. இவ்வளவு தெளிவாக வேற்றுமை காட்டும் வேறு செயலியை நான் பார்த்ததில்லை.

வாங்க வேண்டாம். அந்த 17 குறைகளுக்கு முன்னால் கேட்டிருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேன்.