செலிக்மன் ஸ்னோ கேப்: கடுகு சாஸ் பாட்டில நீட்டுனா பயப்படாதீங்க

அமெரிக்காவோட பழைய ஹைவே ரூட் 66ல போறோம்னு சொன்னா எல்லாரும் ஒரே லிஸ்ட்டதான் குடுக்குறாங்க. டெக்சஸ்ல அமரில்லோ பக்கம் மூக்க மண்ணுல புதைச்சு நிக்கிற பத்து கேடிலாக் காரு, ஹோல்புரூக்ல கூம்பு கூம்பா இருக்கற மோட்டல், அங்க ஒரு போட்டோ இங்க ஒரு போட்டோ, கிளம்பு. நாங்களும் அப்படித்தான் போனோம், கேடிலாக்க பாத்துட்டு பையன் "இதுக்காப்பா இவ்ளோ தூரம்"னு கேட்டுட்டான் (1974ல வெச்சது, கை வெச்சவன் எல்லாம் பெயின்ட் அடிச்சு அடிச்சு காரு உருவமே மாறிப்போச்சு, எனக்கு புடிச்சுது, அவனுக்கு புடிக்கல). ஆனா அரிசோனால செலிக்மன்னு ஒரு சின்ன ஊரு, அங்க டெல்காடியோ ஸ்னோ கேப்னு ஒரு பர்கர் கடை, அத பத்தி மட்டும் தனியா எழுதணும்னு தோணுச்சு.

கடை வாசல்லயே வேலைய ஆரம்பிச்சுடுறாங்க. கதவுல ரெண்டு கைப்பிடி, ஒண்ணு டம்மி. என் வீட்டுக்காரி டம்மிய புடிச்சு இழு இழுன்னு இழுக்குறா, உள்ள வரிசைல நிக்கிறவங்க எல்லாம் சிரிக்கிறாங்க, ஏன்னா அவங்களும் அஞ்சு நிமிஷம் முன்னாடி அதத்தான் பண்ணிருக்காங்க. "மன்னிக்கவும், கடை திறந்திருக்கு"ன்னு ஒரு போர்டு. மெனுல "சீஸ் போட்ட சீஸ்பர்கர்", "செத்த கோழி"னு எல்லாம் எழுதிருக்கு. ஆர்டர் சொல்லிட்டு நிக்கறப்ப கவுன்டர்ல இருந்தவரு மூஞ்சில ஒரு சிரிப்பும் இல்லாம கடுகு சாஸ் வேணுமான்னு கேட்டாரு, வேணும்னு சொல்லி முடிக்கல, பாட்டில அப்படியே இவ பக்கம் திருப்பி ஒரே அமுக்கு, மஞ்சளா சர்ர்னு பாஞ்சு வருது. போட்டிருந்தது புது வெள்ளை குர்தி. "ஐயய்யோ"ன்னு பின்னாடி குதிச்சு எவனோ ஒருத்தன் கால மிதிச்சுட்டா. பாத்தா அது சாஸ் இல்ல, மஞ்ச நூலு. பாட்டில் மூக்குல தொங்குது. கடையே சிரிக்குது, மிதி வாங்குனவனும் சிரிக்கிறான்.

சாப்பாடு எப்படின்னு கேப்பீங்க. மால்ட் (ஐஸ்கிரீம் போட்டு அடிச்ச பால்) நல்ல கெட்டியா இருந்துச்சு, பையன் ஸ்ட்ராவ தூக்கிப் போட்டுட்டு ஸ்பூன்ல தின்னான். பர்கர் சூடா வந்துச்சு, பசிக்கு ஓகே. சாப்பாட்டுக்குன்னே மெனக்கெட்டு இந்தக் கடைக்கு யாரும் வரமாட்டாங்க, வரவும் வேணாம்.

இந்த கடைய கட்டுனவரு ஹுவான் டெல்காடியோ. 1953ல, ரயில்வேல வேலை பாத்துக்கிட்டே அங்க கழிச்சுப் போட்ட பழைய மரத்த எல்லாம் பொறுக்கிட்டு வந்து கட்டிருக்காரு. பின்னாடி நிக்கிற மேல் கூரை வெட்டுன பழைய காரு, கலர் கலரா தொங்கவிட்ட சாமான், எல்லாம் அவரு கைவேலை. அவரு 2004ல போய்ட்டாரு, ஆனா குடும்பம் அதே குறும்ப விடாம பண்ணுது.

பக்கத்துலயே அவரு தம்பி ஏஞ்சலோட சலூன். இப்ப முக்கால்வாசி பரிசுப் பொருள் கடைதான், ஆனா அந்த பழைய சலூன் நாற்காலி இருக்கு, சுத்தி செவுரு பூரா எந்தெந்த ஊருக்காரனோ ஒட்டிட்டுப் போன விசிட்டிங் கார்டு. ஏஞ்சல் 1927ல பொறந்தவரு, அதாவது ரூட் 66க்கு அதிகாரபூர்வமா நம்பர் குடுத்ததுக்கு (1926 நவம்பர்) அடுத்த வருஷம். 1978 செப்டம்பர் 22ல ஐ-40ங்கிற புது ஃப்ரீவே தொறந்தப்ப ஊர சுத்திக்கிட்டு காரெல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு, மெயின் ரோடு ஒரே நாள்ல காலி. மத்தவங்க கடைய பூட்டிட்டு போனாங்க, இந்த மனுஷன் முடி வெட்டிக்கிட்டே ஆபீஸ் ஆபீஸா நடந்து, 1987ல ஒரு சங்கம் ஆரம்பிச்சு, அரிசோனா அரசையே இத வரலாற்று ரோடுன்னு அறிவிக்க வெச்சாரு. இதுல கவனிங்க, 1985லயே ரூட் 66ங்கிற நம்பர மத்திய லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு. செத்துப்போன ரோட்டுக்கு பால் ஊத்தாம உசுரு குடுத்திருக்காரு ஒரு பார்பர்! இத தெரிஞ்சுக்கிட்டு அந்த நாற்காலிய பாத்தா வேற மாதிரி இருக்கு, நான் உக்காரல, தொட்டுப் பாத்துட்டு வந்துட்டேன்.

தங்கறதுக்கு முன்னாடி சொன்ன அந்த கூம்பு மோட்டல், ஹோல்புரூக் விக்வாம்தான் என் சாய்ஸ், 15 கான்கிரீட் கூடாரம், 1950ல செஸ்டர் லூயிஸ்ங்கிறவரு கட்டுனது. ரூம் சின்னது, செவுரு சாஞ்சிருக்கும், எந்திரிக்கறப்ப தலைய பாத்துக்கோங்க. டிசைன் குடுத்த ஃப்ராங்க் ரெட்ஃபோர்டுக்கு லூயிஸ் பணம் கட்டுன விதம் செம, ரூம்ல ரேடியோ, பத்து சென்ட் போட்டா அரை மணி நேரம் பாடும், விழுற காசு ரெட்ஃபோர்டுக்கு. அதுக்கு முந்துன ராத்திரி வேற ஊர்ல வேற ஒரு மோட்டல்ல மாட்டுனோம், வெளில நியான் போர்டு அவ்ளோ அழகு, உள்ள ஏசி டிராக்டர் மாதிரி கத்துது, துண்டு ஈரமா இருந்துச்சு, பேரு வேணாம் விடுங்க.

செலிக்மனுக்கு ஐ-40ல எக்ஸிட் 121, இல்லன்னா 123. ஜிபிஎஸ் விடாம திரும்ப ஃப்ரீவேக்கு இழுக்கும், நம்பாதீங்க, பழைய ரோட்டுலயே கிங்மன் வரைக்கும் போங்க, பீச் ஸ்பிரிங்ஸ் வழியா 87 மைல். வழில அந்தக் கால பர்மா ஷேவ் (சவர கிரீம்) விளம்பரம் மாதிரியே வெச்ச பலகை ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா வரும், ஒவ்வொண்ணுலயும் ஒரு வரி, பையன் சத்தமா படிச்சுக்கிட்டே வந்தான். ஹாக்பெரி கடை வாசல்ல ஒரு செவப்பு கொர்வெட் காரு நிக்கும், அங்க ஒரு சோடா குடிங்க. ஒதுங்குறதுக்கு நடுவுல பெருசா ஒண்ணும் இல்ல, பெட்ரோல செலிக்மன்லயே ரொப்பிக்கோங்க.

ஸ்னோ கேப்புக்கு அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் கொறச்சது ஏன்னா குளிர்காலத்துல மூடிடுவாங்க, எங்க மச்சான் டிசம்பர் லீவுல போறேன்னு குதிச்சுக்கிட்டு இருக்கான், அவன்கிட்ட நான் இன்னும் சொல்லல.