‘ஒரே சார்ஜில் கோவை’ என்று நம்பிக் கிளம்பிய கதை

திருவாரூர், தஞ்சாவூர் பக்கம் எலக்ட்ரிக் கார் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டு அட்வான்ஸ் கொடுங்க.

ஷோரூம்ல அந்தப் பையன் சொன்னது: "450 கிலோமீட்டர் ரேஞ்ச் சார். கோயம்புத்தூருக்கு ஒரே சார்ஜ்ல போயிடலாம். வழியில போட்டாலும் 60 கிலோவாட் சார்ஜர் இருக்கு, டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஏறிடும்." பேட்டரி 40 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 11 கிலோமீட்டருக்கு மேல ஓடணுமேன்னு நானும் வகுத்துப் பார்க்கல.

ஆனி மாசம் தங்கச்சி மகனுக்குக் கோவையில காதுகுத்து. மடியில உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் நான். விடியக்காலை 4 மணிக்கு 100% சார்ஜோட, அஞ்சு பேர், சீர்த்தட்டு, ஏசி எல்லாமாக் கிளம்பினோம். பைபாஸ்ல 100-ல ஓட்டினேன். திருவாரூர்லருந்து கரூர் வரைக்கும் சுமார் 190 கிலோமீட்டர். மீட்டர்ல 24%! கோவைக்கு இன்னும் 130 கிலோமீட்டர் கிடக்கு.

ஆப்ல பச்சையாக் காட்டின சார்ஜர் செத்துக் கிடந்தது. அடுத்த இடத்துல வரிசை. என் முறை வந்தப்ப அதே சார்ஜரோட இன்னொரு கன்ல (வண்டியில சொருகற முனை) வேற வண்டி மாட்டியிருந்துச்சு, அதான் கரண்ட் பாதியாப் பிரியுதுன்னு நினைச்சேன். அது கிளம்பின பிறகும் 29 கிலோவாட்டைத் தாண்டல. என் மாடல் இழுக்கறதே அவ்வளவுதான்னு அங்க ஒரு டிரைவர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். 80%-க்கு மேல கடைமடைத் தண்ணி மாதிரி ஆயிடுச்சு. பிடுங்கிட்டுக் கிளம்பினோம்.

மேற்கே போகப் போக ஏத்தம். கோவை கடல் மட்டத்துலருந்து 400 மீட்டருக்கு மேல; பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற எதிர்ல. நம்ம ஊர்த் தட்டைத் தரையில ஓட்டின கணக்கு அங்க செல்லாது.

போய்ச் சேர 12 மணி. முகூர்த்தம் 10.30. ஆசாரி காத்திருந்தார், பந்தியும் காத்திருந்தது. மச்சான் முகத்தைப் பார்க்கவே முடியல.

திரும்பி வந்து சண்டை போட்டேன். "அது அராய் ரேஞ்ச் சார்"னாங்க. அராய்ங்கறது (ARAI) வண்டிகளைச் சோதிச்சுச் சான்று தர்ற அமைப்பு. அதாவது லேப்ல உருளை மேல ஓட்டின கணக்கு. அந்தச் சோதனையில வேகம் 90-ஐத் தாண்டாது, பெரும்பாலும் ஊருக்குள்ள உருட்டற வேகம். "சார்ஜர் 60-னுதான் சொன்னேன், வண்டி 60 இழுக்கும்னு சொல்லலையே" — இது அந்தப் பையன். வாயால சொன்னதுக்கு எந்தக் கோர்ட்டுல போய் நிக்கறது?

வண்டி டிசியில (வழியில இருக்கற ஃபாஸ்ட் சார்ஜர்ல) அதிகபட்சம் எத்தனை கிலோவாட் இழுக்கும், 10-லருந்து 80% ஏற எத்தனை நிமிஷம், ரெண்டையும் கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க. தூரப் பயணத்துல ஒரு சார்ஜருக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கையில நிக்கறது அந்த 70% மட்டும்தான். என் வண்டிக்கு அது சுமார் 175 கிலோமீட்டர். டெஸ்ட் டிரைவுக்கு ஏசி போட்டு, ஆள் ஏத்தி, பைபாஸ்ல 50 கிலோமீட்டர் ஓட்டி எத்தனை % இறங்குதுன்னு பாருங்க. எனக்கு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்தான் தந்தாங்க. நானும் சரின்னுட்டேன்.