வலைப்பதிவா, காணொளியா, பாட்காஸ்டா? பழைய படம் திருத்தும் தொழிலிலிருந்து ஓர் அலசல்

கொழும்பு வெள்ளவத்தையில் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து, திருத்தி, புதிதாக அச்சிட்டுக் கொடுப்பது என் தொழில். பூஞ்சணம் பிடித்த கல்யாண அல்பம், நடுவில் மடிந்து வெடித்த குடும்பப் படம், சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன அப்பப்பாவின் படம் என்று வந்துகொண்டே இருக்கும். கொழும்பின் ஈரக்காற்று இருக்கும்வரை இந்த வேலைக்குக் குறைவில்லை. ஆனால் வேலை தருபவர்களில் பெரும்பகுதியினர் கடைவாசலால் போகிறவர்கள் இல்லை. கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள், இங்கே இருக்கும் அம்மாவிடம் சொல்லி அல்பத்தைக் கொடுத்தனுப்புவார்கள். அவர்கள் கண்ணில் கடைப் பலகை படாது. இணையத்தில் என் வேலை தெரிந்தால்தான் உண்டு.

அதற்காக வலைப்பதிவு, காணொளி, பாட்காஸ்ட் (இணையத்தில் கேட்கும் பேச்சு நிகழ்ச்சி) மூன்றையுமே செய்தேன். இன்று வலைப்பதிவுதான் எனக்கு முதலிடம். காணொளியைத் துணைக்கு வைத்திருக்கிறேன். பாட்காஸ்டை நிறுத்திவிட்டேன். தையல், தச்சு, கேக், கணக்கு எழுதுதல் என்று சொந்தத் தொழில் செய்துகொண்டு, எதில் நேரத்தைப் போடுவது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். ஆட்களைக் கூட்டுவதில் காணொளியை மிஞ்ச எதுவும் இல்லை. செலவில் எழுத்துத்தான் குறைவு. ஆயிரம் சொல் தமிழ்க் கட்டுரை முப்பது கிலோபைட் அளவில் அடங்கிவிடும். ஒரு மணிநேரப் பேச்சை 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) தரத்தில் சேமித்தால் ஏறக்குறைய 29 மெகாபைட். 1080 தரக் காணொளியை யூடியூப் பரிந்துரைக்கும் 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) வேகத்தில் எடுத்தால் பத்து நிமிடத்துக்கே 600 மெகாபைட். 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் அதை மேலேற்றப் பட்டபாடு கொழும்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். பின்னணியில் சினிமாப் பாட்டுப் போட்டால் உரிமைக்காரர் கேள்வி கேட்பார் என்பதும் தெரிந்ததுதான்.

பாட்காஸ்ட் எனக்கு மிகவும் விருப்பமானது. நம்முடையவை இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த காதுகள். அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவையும் பி. எச். அப்துல் ஹமீதையும் குரலை வைத்தே அடையாளம் கண்ட ஊர் இது. அதனாலேயே கேட்பவரின் எதிர்பார்ப்பும் உயர்ந்தது. குரல் தடுமாறினாலோ பின்னால் இரைச்சல் வந்தாலோ நிறுத்திவிடுவார்கள். காலி வீதி என்ற பெருந்தெருவை ஒட்டிய வீட்டில் அமைதி என்பது விடியற்காலை மட்டும்தான். ஒரு பக்கம் கரையோர ரயில், இன்னொரு பக்கம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் சூன் பாண் த்ரீவீல். கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர்களைக் கதைக்க வைத்துப் பதிவு செய்தேன். இருட்டறையில் கைவிரல் மஞ்சளாகிப்போன கதையை ஒருவர் சொன்னார். அப்படியொரு குரலை எழுத்தில் கொண்டுவரவே முடியாது. அந்தப் பதிவுகள் கிடைத்ததில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி.

ஆனால் அவற்றைக் கேட்டுவிட்டு வேலை தந்தவர்கள் மிகக் குறைவு. பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்பவருக்கு, வீட்டு அலுமாரிக்குள் இருக்கும் அல்பம் அந்த நேரம் நினைவுக்கு வந்தாலும், இறங்கியதும் மறந்துவிடும். படத்தைக் காட்ட முடியாத ஊடகத்தில் படத் தொழிலை எப்படி விற்பது? நான் அதை நெடுங்காலம் தொடரவில்லை என்பதால் தீர்ப்பாக இதைச் சொல்லமாட்டேன். பேச்சே தொழிலான சட்ட ஆலோசகருக்கோ ஆசிரியருக்கோ கதை வேறாக இருக்கலாம். பாட்காஸ்டுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. ஆர்எஸ்எஸ் ஓடை (நிகழ்ச்சியை எல்லாச் செயலிகளுக்கும் கொண்டுபோகும் இணைப்பு) நம் கையில் இருந்தால் ஒரு செயலி போனாலும் நிகழ்ச்சி போகாது. 2024இல் கூகுள் பாட்காஸ்ட் செயலி மூடப்பட்டபோது கேட்பவர்கள் வேறு செயலிக்கு மாறினார்கள். நிகழ்ச்சிகள் இருந்த இடத்தில் இருந்தன.

காணொளியின் பலம் நம்பிக்கை. தாய் தகப்பனின் ஒரே கல்யாணப் படத்தை முகம் தெரியாத ஒருவரிடம் கொடுக்க யாருக்கும் மனம் வராது. என் மேசையையும், கையுறையையும், தூசியைப் போக்கும் ஊதியையும், நெகட்டிவை ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்கும் விதத்தையும் இரண்டு நிமிடம் பார்த்தால் அந்தத் தயக்கம் பாதி குறையும். எத்தனை பத்தி எழுதினாலும் அது வராது. கை அசைவில் இருக்கிற வேலை எதற்கும் காணொளி வேண்டும்.

அப்படியிருந்தும் நான் வலைப்பதிவின் பக்கம் சாய்வது ஒரே ஒரு காரணத்துக்காக: போட்ட பிறகு பராமரிப்பது. தொடங்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை. எதை எளிதாகச் செய்யலாம், எதை நிறையப் பேர் பார்ப்பார்கள் என்றுதான் கேட்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து அது என்ன நிலையில் இருக்கும், அப்போது அதில் கை வைக்க முடியுமா என்று கேட்பதில்லை. தொழிலுக்காகப் போடுகிற ஒன்று இரண்டு வருடத்துக்குப் பிறகும் ஆட்களைக் கூட்டிவந்தால்தான் பட்ட பாட்டுக்குப் பலன்.

ஒரு உதாரணம். ஸ்கேன் செய்த படங்களை எங்கே வைப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். கூகுள் போட்டோஸில் போடுங்கள், உயர்தரப் படங்களுக்கு இடக் கணக்குக் கிடையாது, இலவசம் என்று சொல்லிவந்தேன். சொன்ன காலத்தில் அது சரியான ஆலோசனை. 2021 யூன் 1ஆம் திகதி அந்தச் சலுகை முடிந்தது. அதன்பிறகு ஏற்றுவதெல்லாம் 15 ஜிபி இலவச அளவுக்குள் கணக்கிடப்படும். வலைப்பதிவில் அந்த வரியை மாற்ற எனக்கு ஒரு தேநீர் நேரம்கூட ஆகவில்லை. முகவரி அதே, வாசகர் வரும் வழி அதே, தகவல் மட்டும் புதிது. காணொளியிலோ நான் இன்னும் சிரித்த முகத்தோடு "முழுக்க இலவசம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

யூடியூபில் ஏற்றிய காணொளியை அதே முகவரியில் வைத்துக்கொண்டு வேறு கோப்பாக மாற்ற முடியாது. உள்ளே இருக்கும் கருவியால் ஒரு துண்டை நீக்கலாம், முகத்தை மங்கலாக்கலாம். வெட்டலாம், ஒட்ட முடியாது. புதிதாகச் சொல்ல வேண்டியதைச் சேர்க்கவேண்டுமென்றால் திரும்ப எடுத்து, திரும்ப ஏற்றவேண்டும். அது வேறு முகவரி. பார்வைக் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து. பழையதை யாராவது வட்ஸ்அப்பில் பகிர்ந்திருந்தால் அந்த இணைப்பு பழையதற்கே போகும். விளக்கக் குறிப்பில் திருத்தம் எழுதலாம்தான். கைபேசியில் பார்ப்பவர் அதைத் திறந்து வாசிப்பாரா? காணொளியின் மேல் எழுத்துக் குறிப்பு ஒட்டும் வசதி ஒரு காலத்தில் யூடியூபில் இருந்தது. பலர் திருத்தங்களை அப்படித்தான் போட்டிருந்தார்கள். 2019 சனவரியில் அந்த வசதியோடு பழைய குறிப்புகள் எல்லாமே மறைந்துவிட்டன. திருத்தத்தை இன்னொருவர் வீட்டுச் சுவரில் எழுதிவைத்தால் இதுதான் நடக்கும்.

விலை இன்னும் மோசம். என் கடதாசியும் மையும் இறக்குமதி. 2022 மார்ச்சில் ரூபாயின் மதிப்பைச் சந்தைப்படி மிதக்கவிட்டபோது, 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தாண்டியது. வற் எனும் பெறுமதி சேர் வரி அந்த ஆண்டிலேயே 8 வீதத்திலிருந்து 12 ஆகி, 15 ஆகி, 2024 சனவரியில் 18 ஆனது. அந்தக் காலத்தில் விலையை வாயால் சொல்லிக் காணொளி எடுத்த எந்தத் தொழில்காரரும், பழைய விலையைப் பிடித்துக்கொண்டு வரும் வாடிக்கையாளரிடம் விளக்கம் சொல்லியே களைத்திருப்பார். எழுத்தில் விலைப்பட்டியல் ஒரு பக்கம், மேலே தேதி, அவ்வளவுதான்.

திருத்துவது மட்டுமில்லை, எழுத்து வளரவும் செய்யும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்க வேண்டாம் என்று ஒரு பதிவு எழுதியிருக்கிறேன். ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் படலம் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள் என்பதுதான் விஷயம். ஒருவர் அப்படியே செய்து பார்த்து, படம் மங்கலாக வருகிறது என்று வட்ஸ்அப்பில் அனுப்பினார். அவரிடம் இருந்தது சிஐஎஸ் வகை ஸ்கேனர். மெலிதானது, மலிவானது, ஆனால் கண்ணாடித் தடிப்புக்கு அப்பால் இருப்பது அதற்குத் தெளிவாகத் தெரியாது. சிசிடி என்ற மற்ற வகை ஸ்கேனருக்கு அந்தச் சிக்கல் குறைவு. இதை ஒரு பத்தியாக அந்தப் பதிவிலேயே சேர்த்தேன். பிறகு இன்னொருவர் எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்று கேட்டார். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் 2400க்கு 3600 புள்ளிகள், இரண்டு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் தாங்கும் என்று இன்னொரு பத்தி. இன்றைக்கு என்னிடம் அதிகம் பேரைக் கொண்டுவருவது அந்த ஒரு பதிவுதான்.

இனிச் சொல்வது எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. நான் காட்டுவது பிறர் வீட்டு முகங்களை. அனுமதி கேட்டுத்தான் போடுகிறேன், ஆனாலும் மனம் மாற மனிதருக்கு உரிமை உண்டு. கனடாவிலிருந்து ஒரு மகள் அழைத்தார். "அக்கா, அம்மம்மா போன மாதம் தவறிட்டா. அவவின்ர படத்தை இப்ப அதில பாக்க ஏலாமல் கிடக்கு. எடுத்துவிடுவீங்களோ?" அவர் அழைப்பை வைப்பதற்கு முன்பே வலைப்பதிவில் அந்தப் படத்தை எடுத்தேன். பிறகு அதே மாதிரிக் கீறல் விழுந்த என் சொந்தக் குடும்பப் படம் ஒன்றைப் போட்டேன். கட்டுரை குறைவில்லாமல் நின்றது. அதே படம் காணொளியிலும் இருந்தது. மங்கலாக்கலாம், ஆனால் முகத்தின் மேல் ஓடிய கீறலை எப்படிச் சரிசெய்தேன் என்று காட்டும் காணொளியில் முகத்தை மறைத்தால் மிச்சம் என்ன? முழுவதையும் நீக்கினேன். போர், இடப்பெயர்வு என்று எல்லாம் இழந்து ஒரு படத்தை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கும் குடும்பங்களோடு வேலை செய்பவர், கேட்டவுடன் திருப்பி எடுக்க முடியாத இடத்தில் அதை வைக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கொழும்புக்காரர் நினைவில் வைக்கவேண்டிய இன்னொன்று: 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் யூடியூப், பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் இங்கே தடைசெய்யப்பட்டன. முதல் தடவை நாள்கணக்கில் நீடித்தது. சொந்த முகவரியில் இருக்கும் சாதாரண இணையப் பக்கங்கள் அந்த நாள்களிலும் திறந்தன.

வலைப்பதிவின் குறையையும் சொல்லவேண்டும். தமிழ்மணம் மாதிரித் திரட்டிகளைத் திறந்து புதிய பதிவுகளைத் தேடி வாசித்த காலம் போய்விட்டது. இப்போது எழுதினால் தானாக யாரும் வரமாட்டார்கள். தேடுபொறி கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும். தமிழில் கேட்பவர்களில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுகிறார்கள், அதனால் தலைப்புக்குக் கீழே அந்த எழுத்திலும் ஒரு வரி சேர்க்கிறேன். அந்த மாதங்களில் வருமானம் வேண்டுமென்றால் காணொளி இல்லாமல் சமாளிப்பது கடினம்.

அதனால் இப்படிப் பிரித்துக்கொண்டேன். மாறாதவற்றைக் காணொளியில் வைக்கிறேன்: கை வேலை, கருவி, மேசை. அதில் விலை இல்லை, பிறர் முகம் இல்லை, சேமிப்பு ஆலோசனை இல்லை. மாறக்கூடியது எல்லாம் எழுத்தில், அந்தக் காணொளியையும் பதிவுக்குள்ளேயே பொருத்திவிடுகிறேன். இலவச இடத்தில் தொடங்கினாலும் முகவரியை மட்டும் காசு கொடுத்துச் சொந்தமாக வாங்குங்கள். நம் நாட்டுக்கு '.இலங்கை' என்று தமிழிலேயே முகவரி இருக்கிறது. பிறகு வேறு தளத்துக்கு மாறினாலும் அட்டையில் அச்சிட்ட முகவரி மாறாது.

என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். முடிவெடுக்கும் முன் உட்கார்ந்து வாசிப்பவர்கள். இருபது வயதுக்காரருக்கு உடுப்போ சாப்பாடோ விற்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். யூடியூப் ஷார்ட்ஸ், டிக்டொக் போன்ற குறுங்காணொளிப் பக்கம் நான் அதிகம் போனதில்லை. அதில் தொழில் செய்பவர்களிடம்தான் அதைக் கேட்கவேண்டும்.